கல்யாண முருங்கை முடிச்சுக்குள் இருப்பது யார்?

நண்பர்களுக்கு வணக்கம். பூச்சிகளைப் பற்றி அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

எங்கள் வீட்டு வேலியில் கல்யாண முருங்கை நிற்கிறது. அடை சுடுவதற்கு இலை பறிக்கப் போனால், கொழுந்தும் காம்பும் விரல் கணுவைப் போல வீங்கிச் சுருண்டு கிடக்கின்றன. குவாட்ரஸ்டிக்கஸ் எரித்ரினே என்ற குளவியின் வேலை இது என்பது தெரியும். 2004-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே ஹவாய்த் தீவுகளில் நுழைந்து, அங்கே இந்த இன மரங்களைக் கூட்டமாகச் சாய்த்தது.

என் கேள்வி வேறு. ஒரு வீக்கத்தை பிளேடால் அறுத்துப் பார்த்தேன். சிறு சிறு அறைகள், அறைக்கு ஒரு வெள்ளைப் புழு. ஓரிடத்தில் மட்டும் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர் அரிக்கப்பட்டு, கொழுத்த புழு ஒன்று கிடந்தது. மற்ற வீக்கங்களைப் பாட்டிலில் போட்டு மல்துணி கட்டி வைத்தேன். பழுப்பும் மஞ்சளுமாகச் சிறு குளவிகள் பல வந்தன. கூடவே சற்றுப் பெரிய கறுப்புக் குளவிகள் மூன்று.

அந்தக் கறுப்புக் குளவிகள் யார்? வீக்கம் உண்டாக்கும் குளவியை ஒடுக்க ஹவாயில் 2008-இல் விடப்பட்ட யூரிட்டோமா என்ற குளவி போல, சுவரைத் துளைத்துப் புழுக்களைத் தின்பவையா? அல்லது ஓக் மரத்துச் சினெர்கஸ் என்ற குளவி போல, பிறர் உண்டாக்கிய வீக்கத்தின் சதையை உண்டு குடியிருப்பவையா? முன்னதாக இருந்தால் மரத்துக்கு நல்ல துணை. நோயுற்ற கிளைகளை வெட்டி எரித்தால் அவையும் சேர்ந்து கருகிவிடுமே என்று மனம் பதைக்கிறது.

மூன்றையும் சாராயத்தில் போட்டு வைத்திருக்கிறேன். உணர்கொம்பு, இறக்கை நரம்பு என எதைப் படம் எடுத்தால் இனம் காண முடியும்? வெட்டிய கிளைகளை எரிக்காமல் வலைக்கூண்டில் வைத்து, கறுப்புக் குளவிகளை மட்டும் வெளியே விட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? கத்தியை எடுக்காமல் காத்திருக்கிறேன்.