டிசபிலிட்டி பென்சன்: கூடப் போனவர்கள் சொல்கிறோம்

முன்னாள் ஹவில்தார், பீரங்கிப் படை, காரைக்குடி:

கல்லல் பக்கத்து நண்பர் ஒருவரின் டிசபிலிட்டி பென்சன் கேஸ், அதாவது படைப் பணியால் வந்த உடல்குறைவுக்கான பென்சன் கேஸ், முடிந்துவிட்டது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரோடு யார் யார் போனார்கள், போனதால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவரும் பீரங்கிப் படைதான். சர்வீஸில் பெரும்பகுதி கன் (பீரங்கி) பக்கத்திலேயே நின்றவர். படையை விட்டு வரும்போது நடக்கும் மருத்துவக் குழுப் பரிசோதனையான ரிலீஸ் மெடிக்கல் போர்டில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, 20 சதவீதம் என்று எழுதினார்கள். அதே தாளில், பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரி விழுந்துவிட்டால், சதவீதம் எத்தனை இருந்தாலும் பென்சனில் டிசபிலிட்டி எலிமெண்ட் என்ற உடல்குறைவுத் தொகை சேராது. கடிதம் இங்கிலீஷில் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சரி என்று டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆறு மாதத்துக்குள் அப்பீல் போடலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்ததை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு கடையில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி கூப்பிட்டால் திரும்பமாட்டார் என்று அந்த வேலையும் போனது. அவர் மனைவி என் வீட்டில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "என்மேல கோவமா இருக்காருன்னே இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா ஒருவர் இருக்கிறார். கிளர்க்காக இருந்தவர், ராணுவக் காகிதம் அவருக்கு அத்துப்படி. நண்பரின் தாள்களை எல்லாம் வீட்டு முற்றத்தில் வரிசையாகப் பரப்பி, சேர்ந்த வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு தாளில் விரலை வைத்தார். படையில் சேர்ந்தபோது எழுதிய மருத்துவப் பக்கம் அது. இரண்டு காதிலும் தாழ்ந்த குரல் 600 செ.மீ. தூரத்தில் கேட்கிறது என்று இருந்தது. "நல்ல காதோட போனவன். காது எங்க போச்சுன்னு நீ நிரூபிக்க வேண்டியதில்லப்பா, அவங்கதான் சொல்லணும்" என்றார்.

அதற்கு அவர் ஆதாரமாகச் சொன்னது 2013-ல் வந்த தர்மவீர் சிங் தீர்ப்பு. தர்மவீர் சிங் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) படையில் 1985-ல் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994-ல் வெளியே அனுப்பினார்கள். பிறவிக் கூறு, பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது போர்டு. சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. சேரும்போது நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு ராணுவத்துடையது, சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்று சொன்னது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தாமதத்துக்குக் காரணம் எழுதி அப்பீல் அனுப்பினோம். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. முதல் அப்பீல் தள்ளுபடி. இரண்டாவது அப்பீலின்போது மறுபடி போர்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நான் கூடப் போனேன்.

அங்கே நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு, பேப்பரைப் பார்த்தபடியே இந்தியில் கேட்கிறார்: "வெளியே வந்தபிறகு மெஷின் சத்தம், வெடிச் சத்தம் உள்ள வேலை ஏதாவது பார்த்தீர்களா?" இவர் உடனே, "ஜி சாப்" (ஆமாம் ஐயா) என்றார். அடுத்த கேள்விக்கும் "ஜி சாப்". காது கேட்காதவர்கள் பலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்று தெரியாது, திருப்பிக் கேட்கக் கூச்சம், தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டல் தாளில் ஏறிவிட்டால் கேஸ் அதோடு போயிற்று. நான் வாசலில் நின்றவன் அனுமதி கேட்டு உள்ளே போய், "சாப், அவருக்கு நீங்கள் கேட்டது விளங்கவில்லை" என்றேன். அந்த டாக்டர் நல்ல மனுஷர். மாஸ்க்கை இறக்கி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முகத்துக்கு நேரே மெதுவாக மறுபடி கேட்டார். "நஹீன் சாப், சிர்ஃப் கன்" (இல்லை ஐயா, பீரங்கி மட்டும்தான்) என்றார் நண்பர்.

அப்படியும் இரண்டாவது அப்பீலும் தள்ளுபடி. அப்புறம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். விடியற்காலையில் பல்லவன் ரயில் ஏறுவோம். தீர்ப்பாயத்திலும் பெயரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவர் முழங்காலைத் தட்ட வேண்டும். ஒருமுறை நான், ஒருமுறை சுபேதார் ஐயா, ஒருமுறை சாக்கோட்டைத் தம்பி ஒருவர் என்று மாற்றி மாற்றிப் போனோம்.

தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 20 சதவீதத்தை 50-ஆக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதையும் தாண்டினால் 100 என்று உயர்த்தும் விதி 1996 முதல், உடல்நலத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. முழு சர்வீஸ் முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 என்றால் 20 சதவீதத்துக்கு மாதம் 2,400, 50 சதவீதத்துக்கு 6,000. அகவிலைப்படி தனி. வழக்குப் போடத் தாமதமானதால் நிலுவையை மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று குறைத்த வழக்குகள் உண்டு. அதனால் பெட்டியில் கிடக்கும் கடிதத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டன்ட், தேவகோட்டை:

ஹவில்தார் அண்ணே, படித்ததும் மனசு கனத்துப்போனது. நான் பென்சன் பற்றிச் சொல்ல வரவில்லை, உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் போவோம். ஒரு வருஷம் சிங்கம்புணரி தாண்டி ஓய்வுக்கு உட்கார்ந்தபோது, கூட வந்த நாயக் ஒருவரின் பாதம் கண்ணில் பட்டது. பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து, ரத்தமும் மண்ணுமாக இருக்கிறது. "வலிக்கலையாண்ணே?" என்றேன். "எங்கே?" என்று கேட்கிறார். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போவது இப்படித்தான். வலி இருந்தால் மனுஷன் நின்றுவிடுவான், வலிக்காததுதான் ஆபத்து. அவர் கோபித்துக்கொண்டாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முருகன் ஒன்றும் நினைக்கமாட்டான் என்று அவர் மனைவியும் போனில் சொன்னார்கள். கால் தப்பியது.

அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் நான் செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவேன். விரல் இடுக்கு, குதிகால், நகம் எல்லாம் பார்ப்பேன். காலில் பஞ்சால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பேன். 20 வருஷம் சிப்பாயின் காலைப் பார்த்தவனுக்கு இது பழக்கம்தானே. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் 2003-லிருந்து இருக்கிறது. அதன் பாலிகிளினிக்கில் மருந்து வாங்க மட்டும் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தான் டாக்டரையே பார்க்காமல் இருக்கிறவர்கள் நம்மிடம் பலர். அப்படிச் செய்யாதீர்கள். காது மெஷினும் அங்கேயே ஸ்பெஷலிஸ்ட் எழுதிக்கொடுத்தால் வாங்கலாம், அந்தக் கல்லல் அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஒரு முன்னாள் ராணுவத்தாரின் மனைவி, புதுவயல்:

நான் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ராத்திரி தூக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் வாணவேடிக்கை விட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். குடியும் சேர்ந்துகொண்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும், மிலிட்டரிக்காரன் அப்படித்தான் இருப்பான் என்றார்கள்.

அவர் யூனிட்டில் கூட இருந்த அண்ணன் ஒருவர் பள்ளத்தூரில் இருக்கிறார். நான் போன் பண்ணினால் எந்த நேரமானாலும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பார்த்த இடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். "எனக்கும் இது இருந்துச்சுடா, நானும் மாத்திரை சாப்பிட்டேன்" என்று அந்த அண்ணன் சொன்ன பிறகுதான் இவர் மனநல டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தார். நான் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் நடக்காதது அது. இப்போது தூங்குகிறார். குடி முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். நான் பேசியிருக்கிறேன்.

ஹவில்தார்:

தங்கச்சி, நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. மனநோய்க்கும் போர்டு உண்டு, பென்சன் உண்டு. அவர் சர்வீஸில் இருந்தபோதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களா, மருத்துவத் தகுதி நிலையை (கேட்டகரி) குறைத்தார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தாள்கள் வேண்டும். தாள்கள் கையில் இல்லாவிட்டாலும், அவர் படையின் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி நகல் கேட்கலாம். பீரங்கிப் படையான எங்களுக்கு நாசிக், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன்.

சர்வீஸில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. 2023 செப்டம்பர் 21-லிருந்து டிசபிலிட்டி பென்சன் விதிகள் மாறிவிட்டன. நாங்கள் பட்டதை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ரிலீஸ் போர்டுத் தாளான ஏஎஃப்எம்எஸ்எஃப்-16-ல் கையெழுத்துப் போடும் முன் காரணம் எழுதிய பத்தியைப் படியுங்கள், நகல் இல்லாமல் ஊருக்கு வராதீர்கள். விளையாட்டிலோ டியூட்டியிலோ அடிபட்டால் அன்றைக்கே இஞ்சுரி ரிப்போர்ட் (காய அறிக்கை) எழுதவையுங்கள்.

சிவகங்கை கலெக்டர் ஆபீசில் முன்னாள் படைவீரர் குறைதீர் நாள் அடுத்து வரும்போது சுபேதார் ஐயாவும் நானும் போகிறோம். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்சன் ஆணை), போர்டுத் தாள், தள்ளுபடிக் கடிதம் நாலையும் நகலெடுத்துக் கொண்டுவாருங்கள். வர முடியாதவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறோம். தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரைப் பள்ளத்தூர் அண்ணனோடு அனுப்பிவையுங்கள்.