பொருள்: கரட்டடிப் பட்டாக்களைச் சேர்த்துப் பார்ப்பது (தீக்கோடு, உண்ணிச்செடி, பவர் பத்திரம்)

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

பழனி மலையடிவாரத்தில் ஒட்டி ஒட்டிக் கிடக்கும் பட்டாக் காடுகளை ஒன்றாகப் பராமரிப்பதென்றால், மரக்கன்று நடுவது கடைசி வேலை. முதலில் தீக்கோடு, அதாவது தீ தாண்டாதபடி புல், சருகைச் செதுக்கி எடுத்த வெற்று மண் பட்டை.

பத்து ஏக்கர் சதுரத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 800 மீட்டர். இப்படிப் பத்துப் பத்து ஏக்கர் உள்ள நாலு பேர் தனித்தனியே செதுக்கினால் 3,200. சேர்த்து வெளிவரப்பில் மட்டும் செதுக்கினால் 1,600. பாதிக் கூலி மிச்சம். பத்துப் பேர் சேரும்போது நடுவில் நிலம் உள்ளவர், "என் பக்கம் கோடே வரலையே, நான் எதுக்குத் தரணும்?" என்பார். ஆகவே பங்கை ஏக்கர் கணக்கில் பிரியுங்கள், வரப்பு நீளத்தில் வேண்டாம்.

கோடு நாலு மீட்டர் அகலம், மண் தெரிய. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். அடிவாரப் பக்கம் இன்னும் அகலமாக விடுங்கள். ஜனவரியில் செதுக்கியதோடு முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து கோட்டை மூடிவிடும், மறுபடி கூட்ட ஆள் விட வேண்டும். வாரிய சருகைக் கோட்டோரமே குவிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அந்தக் குவியல் பற்றினால் பொறி கோட்டைத் தாண்டும். உள்ளே தள்ளிப் பரப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது உண்ணிச்செடி, லாண்டானா என்கிற களை. அரிவாளால் வெட்டினால் தூரிலிருந்து இன்னும் அடர்ந்து துளிர்க்கும். ஜேசிபி விட்டால் மண் கிளறிப் புதைந்த விதையெல்லாம் முளைக்கும். மண்ணுக்குள் மூன்று நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, வேர் மண்ணில் படாதபடி செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் கறுக்கும் முன் செய்வது நல்லது. பிறகு, பழத்தைத் தின்று விதையை எச்சத்தில் போடும் கொண்டைக்குருவி அடையும் மரத்தடிகளில் முளைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டும், குறைந்தது மூன்று வருடம். ஒருவர் மட்டும் விட்டுவைத்தாலும் போச்சு. குருவிக்குப் பட்டா எண் தெரியாது.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பவர்கள், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை இல்லையென்று எழுதியே கொடுங்கள். வெளிநாட்டில் கையெழுத்தான பவர் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். தவறினால் அபராதத்தில் இழுத்துவிடும்.

உங்கள் சர்வே எண் 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் மரம் வெட்ட, விற்க, குத்தகைக்கு விட மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். ஆகவே நமக்குள் போடுவது வெறும் பராமரிப்பு ஒப்பந்தமாகவே இருக்கட்டும். உள்வேலிக் கம்பியைச் சுருட்டிவிடலாம், சர்வே கல்லை மட்டும் யாரும் அசைக்க வேண்டாம்.