எட்டு விளக்கும் எரிந்தது, நெட் மட்டும் வரவில்லை

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் லேப் எடுக்கிறேன். முதல் வாரம் எப்போதும் கேபிள்தான். கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே-45 கனெக்டரைக் கையில் கொடுத்து, கம்பிகளை வரிசைப்படுத்தி கிரிம்ப் பண்ணச் சொல்வேன், அதாவது இடுக்கியால் அழுத்திப் பொருத்துவது. கேபிளுக்குள் எட்டு கம்பி, ஒரே நிறத்து இரண்டும் ஜோடியாக முறுக்கியிருக்கும். வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்பார்கள்.

ஒரு வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "பச்சையை மட்டும் ஏன் சார் பிரிச்சு, நடுவுல நீலத்தைச் சொருகணும்? ஜோடி ஜோடியா அடுக்கினா பார்க்க அழகா இருக்குமே. ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா போதாதா?"

"போதும்மா, ஆனா ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன். அவள் தன் இஷ்டப்படியே அடுக்கினாள். டெஸ்டரில் 1 முதல் 8 வரை பிசகாமல் எரிந்தது. ஒன்றரை மீட்டர் கேபிள், மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங்கும் போனது. எனக்குப் பேச வாயில்லை.

அடுத்த மாதம் பக்கத்துக் கட்டிடத்துக்கு 60 மீட்டர் கேபிள் இழுத்தோம். இரண்டு முனையையும் போட்டது அவள் குழுதான். டெஸ்டரில் எட்டும் எரிந்தது. ஆனால் லிங்க் விளக்கு வருவதும் போவதுமாக இருந்தது. பத்து பிங்கில் நாலு காணாமல் போனது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், ஒரு நாள் போனதுதான் மிச்சம். கடைசியில் கனெக்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதே அழகான வரிசை!

விஷயம் இதுதான். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் கனெக்டரின் 1, 2 பின்கள் ஒரு ஜோடி, 3, 6 பின்கள் இன்னொரு ஜோடி. முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஒரே சிக்னல் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகும், ஒன்றில் ஏறினால் மற்றதில் இறங்கும். வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறுவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அடங்கிவிடும். அவள் வரிசையில் 3 வெள்ளை-பச்சை, 6 நீலம். முறுக்கே இல்லாத ஜோடி. எங்கள் மலிவு டெஸ்டருக்குக் கம்பி அறுபடாமல் போகிறதா என்பது மட்டும்தான் தெரியும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று தெரியாது. கேபிள் குட்டையாக இருந்தவரை தப்பு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். நீலம் நடுவில் உட்கார்ந்ததற்கும் காரணம் உண்டு. பழைய டெலிபோன் லைனுக்கு நடு இரண்டு பின்.

மறுநாள் வகுப்பில், "நீ கேட்டது சரியான கேள்வி, நான் சொன்ன பதில்தான் தப்பு" என்றேன். அந்த கேபிளை இன்னும் வைத்திருக்கிறேன். புது பேட்ச் வந்தால் எதுவும் சொல்லாமல் அதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

---

சார், உங்களுக்கு கேபிள், எனக்கு ரவுட்டர். பள்ளி லேபில் ஒரு பையன் வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டை எங்கள் ஸ்விட்சில் சொருகிவிட்டான். செல்போனுக்கு நெட் வேண்டுமாம். அரை மணி நேரத்தில் பாதி கம்ப்யூட்டரில் நெட் இல்லை, பாதியில் இருக்கிறது. அவனுடைய ரவுட்டரும் எங்கள் ரவுட்டரோடு போட்டி போட்டு கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அவற்றின் எண்) வழங்கிக்கொண்டிருந்தது! யாருடைய பதில் முதலில் போகிறதோ கம்ப்யூட்டர் பொதுவாக அதைத்தான் எடுத்துக்கொள்ளும். திட்டத்தான் வாயெடுத்தேன். அப்புறம் யோசித்து, எல்லோரையும் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடிக்கச் சொல்லி, கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி, எங்கெங்கே வேறாக வருகிறது என்று போர்டில் எழுத வைத்தேன். முகவரி தானாக வழங்கும் டிஹெச்சிபி பாடம் அன்றே முடிந்தது.

---

நான் சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பதை, பின்கோடு வைத்துத்தான் ஆரம்பிப்பேன். 625001-ஐ டெல்லியில் பிரிப்பவருக்கு முதல் 6 போதும், தெற்கே அனுப்பிவிடுவார். 625 என்று பார்த்தால் மதுரைப் பக்கம். கடைசி மூன்று எண் அங்கே போனபிறகுதான் வேண்டும். ரவுட்டரும் அப்படித்தான், ஐபி முகவரியின் முன்பகுதியைப் பார்த்துத் தள்ளிவிடும். முன்பகுதி எதுவரை என்று சொல்வது மாஸ்க் என்ற எண். 255.255.255.0 வரை இது நன்றாக ஓடும். 255.255.255.192 வந்ததும் வெட்டு ஒரு எண்ணுக்கு நடுவிலேயே விழும், உதாரணம் படுத்துவிடும், பைனரிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் ஒரு மாணவன், "என் வீட்டுலயும் 192.168.1.5, அவன் வீட்டுலயும் அதே நம்பர், எப்படி மேடம்?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "எல்லா ஊர்லயும் காந்தி தெரு இருக்குல்லடா!"