சுவர், குழாய், கீசர்: யார் கை வைப்பது?

குமார்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உரிந்து கொட்டுகிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. கீசர் போட்டால் மெயினில் டிரிப் ஆகிறது. அடுத்த வாரம் விடுமுறைதான். மூன்றையும் நானே முடித்துவிடலாமா? வீடியோ எல்லாம் பார்த்துவிட்டேன்.

செல்வி அக்கா: வீடியோவில் யாருக்குமே இடுப்பு வலிக்காது, பார்த்தாயா 😄

பெரியப்பா: ஆளைக் கூப்பிட்டு விட்டுவிடு. விடுமுறை ஓய்வெடுக்கத்தான்.

மாமா: மாப்பிள்ளை, சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது?

குமார்: குளியலறை, மாமா.

மாமா: கையால் தடவிப் பார். வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டுகிறதா?

குமார்: ஆமாம், உள்ளங்கை முழுக்க. கீழே முழங்கால் உயரம் வரைதான். மேலே நன்றாக இருக்கிறது.

மாமா: உப்புப் பூத்திருக்கிறது. ஈரம் உள்ளே ஓடுகிறது. இதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் மறுபடியும் உரியும். நீ அடித்தாலும் அதே கதை, ஆள் வைத்து அடித்தாலும் அதே கதை. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதை நீயே பார்க்கலாம், காசு வேண்டாம்.

குமார்: எப்படி?

மாமா: ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வை. தொட்டிக்கு வரும் தண்ணீரையும் நிறுத்திவிடு. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் வருகிற பைப்பில் கசிவு இருக்கலாம். இறங்கவில்லை என்றால் தரை அல்லது கழிவுநீர்ப் பக்கத்தைச் சந்தேகப்படு. இது தெரிந்தால் பிளம்பர் ஊகத்தில் டைல்ஸை உடைக்க மாட்டார்.

சித்தி: சொட்டுகிற குழாயை முதலில் சரி செய், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அதுவே மட்டத்தை இறக்கிவிடும்.

மாமா: சரியாகச் சொன்னீங்க.

அருண்: அண்ணா, கீசருக்கு ஒரு யோசனை. லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச் இருக்கிறதே, எம்சிபி, அதில் பெரியதாக மாட்டினால் விழாது.

மாமா: அந்த வேலையே வேண்டாம். எம்சிபி ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஒயர் பழையதாகவே இருக்க, பெரியதை மாட்டினால் எம்சிபி விழுவதற்கு முன் ஒயர் கொதிக்கும். குமார், விழுவது எம்சிபியா, மின்சாரம் கசிந்தால் விழுகிற, டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிற ஆர்சிசிபியா?

குமார்: பட்டன் இருக்கிறது. 30 எம்ஏ என்று எழுதியிருக்கிறது.

மாமா: அப்போ மின்கசிவு. பெரும்பாலும் கீசர் எலிமென்ட் போயிருக்கும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது விழும், அதுதான் உன் உயிருக்குக் காவல். கீசரைப் போடாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. எர்த்தையும் சோதிக்கச் சொல்.

செல்வி அக்கா: எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். தப்பாகப் போனால் கழற்றி மறுபடி மாட்ட முடியுமா? முடியும் என்றால் நான் செய்வேன். சுவருக்குள் மூடிப்போகிற வேலை, ஷாக் அடிக்கிற வேலை, உயரத்தில் நிற்கிற வேலை என்றால் தொட மாட்டேன்.

பெரியப்பா: பெயிண்ட்?

செல்வி அக்கா: பெயிண்ட் நாமே அடிக்கலாம், பெரியப்பா. ஆனால் அடிப்பது சின்ன வேலை. சுரண்டி, பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடிப்பதில்தான் நாள் போகும். தேய்க்கும்போது மாஸ்க் போடு குமார், அலமாரிக்குள் இருக்கிற துணி வரைக்கும் வெள்ளையாகிவிடும். சுவர் காயும் வரை பொறு, அவசரப்படாதே.

சித்தி: ஆள் வைக்கிற வேலைக்குப் பொருள் தனி, கூலி தனி என்று எழுதி வாங்கு. குளியலறைத் தரையைச் சரி செய்தால் தண்ணீர் போகிற துளையை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்த பிறகு பாக்கியைக் கொடு. நாங்கள் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தோம், அதற்கப்புறம் அவர் போனே எடுக்கவில்லை.

குமார்: சரி. கீசரும் கசிவும் ஆளுக்கு. குழாய் இன்றைக்கு, பெயிண்ட் சுவர் காய்ந்த பிறகு, இரண்டும் எனக்கு. வாஷர் வாங்கப் போகிறேன்.

மாமா: நில். குழாய்ப் பிடி பல சுற்றுச் சுற்றுமா, கால் சுற்றிலேயே நிற்குமா?

குமார்: கால் சுற்றுதான்.

மாமா: அப்போ வாஷர் இல்லை, உள்ளே காட்ரிட்ஜ், தண்ணீரைத் திறந்து மூடுகிற உள்பாகம். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கையோடு எடுத்துப் போ. அளவு துளி மாறினாலும் உட்காராது.

சித்தி: கழற்றுவதற்கு முன் வால்வை மூடு!

குமார்: வால்வு எங்கே இருக்கிறது?

பெரியப்பா: நான் வருகிறேன், இரு.