புதுப்பிப்பு: நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு நீண்ட வெளிநாட்டுப் பயணம், டிக்கெட் விலை

முந்தைய பதிவில், திருவனந்தபுரத்தில் ஏறி, ஐரோப்பாவில் ஒரு ஊரில் இறங்கி, வேறொரு ஊரிலிருந்து திரும்பும் மல்டி சிட்டி டிக்கெட் பார்க்கச் சொல்லியிருந்தோம். அதில் மாற்றமில்லை. சேர்க்க வேண்டியவை சில.

5 பேருக்கு ஒன்றாகத் தேடினால் விலை ஏறித் தெரியலாம். குறைந்த கட்டணத்தில் 3 சீட்தான் மிச்சம் என்றால், பெரும்பாலும் ஐவருக்குமே அடுத்த கட்டணத்தைப் போட்டுவிடும். முதலில் 1 ஆளுக்குத் தேடுங்க, பிறகு 2, 3 என்று ஏற்றிப் பாருங்க. தலைக்கு விலை எங்கே குதிக்கிறதோ அங்கே பிரித்து 3+2 ஆகப் போடலாம். ஆனால் பிஎன்ஆர் (முன்பதிவு எண்) இரண்டாகிவிடும். விமான நேரம் மாறினால் ஏர்லைன் இரண்டு பிரிவையும் வேறு வேறு விமானத்தில் போட்டுவிட வாய்ப்புண்டு. ஒவ்வொரு பிஎன்ஆரிலும் பெரியவர் ஒருவர் இருக்கணும், இரண்டையும் இணைத்துக் குறிப்பு போடச் சொல்லி ஏர்லைனில் கேளுங்க. வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

கைக்குழந்தைக்குப் பொதுவா பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம்தான். பயணத்துக்கு நடுவே 2 வயது முடிந்தால் திரும்பும்போது தனி சீட் வேண்டும். மாதக்கணக்கில் தங்குபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவுண்டரில் அன்றைய விலைக்கு வாங்க நேரும்.

கொச்சி போய் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் ஏறுவதாக இருந்து, கொச்சி வரை தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போடணும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.