பொருள்: ஜிஎம்டி கைக்கடிகாரத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

நம் கடிகாரச் சொற்பட்டியலில் 'ஜிஎம்டி வாட்ச்', அதாவது கூடுதல் முள் ஒன்றால் இரண்டு நேர வலயங்களின் நேரத்தை ஒருங்கே காட்டும் கைக்கடிகாரம், என்ற வரி இன்னும் காலியாகவே இருக்கிறது. 2022-இல் ஜப்பானிய நிறுவனமான சீகோ தன் 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் 4ஆர்34 இயந்திரம் பொருத்திய கடிகாரத்தை 475 டாலருக்கு வெளியிட்டது. பிற நிறுவனங்களுக்கு விற்கப்படும் அதன் உடன்பிறப்பான என்எச்34 இப்போது பல சிறு நிறுவனங்களின் கடிகாரங்களில் ஓடுகிறது. பொருள் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது, சொல்தான் வரவில்லை.

ஜிஎம்டி என்பது கிரீன்விச் நேரத்தின் பெயர். 1950களில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் விமானிகளுக்காக ரோலெக்ஸ் செய்த கடிகாரத்துக்கு அது பொருந்தியது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு சென்னை நேரம் பார்ப்பவருக்குக் கிரீன்விச் எதற்கு? 'இருவலயத் தானியங்கிக் கைக்கடிகாரம்' என்று முன்மொழிகிறேன். கூடுதலாக இருக்கும் நான்காவது முள்ளை 'இருபத்துநான்கு மணி முள்' எனலாம்.

மடல் 2

> 'இருவலயத் தானியங்கிக் கைக்கடிகாரம்' என்று முன்மொழிகிறேன்

வலயம் வேண்டாம் ஐயா. இதே கடிகாரத்தின் முகப்பைச் சுற்றி 24 மணி எண்கள் பொறித்த, கையால் திருப்பும் வளையம் ஒன்று உண்டு. 'இரண்டாம் வலயத்துக்கு வளையத்தைத் திருப்புக' என்று செய்முறை எழுதினால் படிப்பவருக்கு நாக்கும் தடுக்கும், கண்ணும் தடுக்கும். 'இருநேரம்' என்றால் மருந்துச் சீட்டுதான் நினைவுக்கு வரும். இரு + ஊர் = ஈரூர். 'ஈரூர்க் கடிகாரம்' எனலாமே. மதுரையும் சென்னையும்கூட ஈரூர்தானே என்று கேட்கலாம். ஒரே நேரம் உள்ள இரண்டு ஊருக்கு யாரும் தனி முள் தேடுவதில்லை.

தானியங்கியும் எனக்கு உறுத்துகிறது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸும் தானாகத்தானே இயங்குகிறது? இங்கே தானாக நடப்பது சாவி ஏறுவது. கை அசைய அசைய உள்ளே அரைவட்ட எடை சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. 'சாவி கொடுப்பது' என்று நம் வீடுகளில் சொல் இருக்கும்போது 'தன்சாவிக் கடிகாரம்' என்பதே நேர். 4ஆர்34 முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மாலைக்குள் நின்றிருக்கும், இரண்டு ஊர் நேரத்தையும் மறுபடி வைக்க வேண்டும். தானியங்கி என்று கேட்டு வாங்கியவர் இதைப் பழுது என்று நினைத்துக்கொள்வார்.

நான்காவது முள்ளுக்கு 'நாள்முள்'. மணிமுள் நாளுக்கு இரண்டு சுற்று, இது ஒரே சுற்று.

மடல் 3

ஈரூர் நல்ல சொல். ஈழத்தில் மணிக்கூடு என்பதுதான் வழக்கு. 'ஈரூர் மணிக்கூடு' என்றாலும் அழகாக வருகிறது. நாள்முள்ளையும் ஏற்கிறேன், தேதியைக் காட்டும் முள்ளை எப்போதும் 'தேதிமுள்' என்றே எழுதுவோம் என்ற உறுதியோடு.

ஆனால் ஒரு சொல் போதாது. இதில் இரண்டு வகை உண்டு, வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். 4ஆர்34-இல், கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள திருகுக் குமிழை முதல் நிலைக்கு இழுத்து ஒருபக்கம் சுற்றினால் தேதி மாறும், மறுபக்கம் சுற்றினால் நாள்முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும். மணிமுள்ளை மாற்ற இரண்டாம் நிலைக்கு இழுக்க வேண்டும். அப்போது வினாடிமுள் நின்றுவிடும், நாள்முள்ளும் கூடவே நகரும், அதைத் திரும்ப வைக்க வேண்டும். மியோட்டா நிறுவனத்தின் 9075 இயந்திரத்தில் இதற்கு நேர்மாறு: ஓட்டம் நிற்காமல் மணிமுள் மட்டும் தாவும். அதில் தேதிக்குத் தனி வழி கிடையாது, மணிமுள்ளை முழு நாளுக்குச் சுற்றித்தான் மாற்ற வேண்டும்.

ஆங்கிலத்தில் இவற்றை முறையே காலர், ஃபிளையர் என்கிறார்கள். அழைப்பான், பறப்பான் என்று பெயர்த்தால் எந்த முள் தாவும் என்பது விளங்காது. 'தாவுநாள்முள்', 'தாவுமணிமுள்' என்று வைப்போம். இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது.

செய்முறைக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கவும்: 4ஆர்34-இல் முதல் நிலையில் தேதியை இரவு 9 முதல் விடிகாலை 4 வரை மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், வலிந்து திருப்பினால் பல் சேதமாகும்.

மடல் 4

இரண்டு சொல்லும் சரி. ஆனால் 'பயணத்துக்குத் தாவுமணிமுள்ளே சிறந்தது' என்று விளக்கத்தில் எழுதிவிடாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் (+5:30). மணிமுள் முழு மணியாகத்தான் தாவும். சென்னையில் காலை 10:00, துபாயில் 8:30. மணிமுள்ளைப் பின்னோக்கி ஒரு தாவல் விட்டால் 9:00. மீதி அரை மணிக்கு நிமிடமுள்ளைத் தொட்டே ஆக வேண்டும். தொட்டதும் சென்னை நேரம் காட்டிய நாள்முள்ளும் அரை மணி பின்வாங்கி 9-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கும். துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று முழு மணி ஊர்களுக்குள் சுற்றுபவருக்குத்தான் அந்த வகையின் முழுப் பலன்.

நமக்குக் கைகொடுப்பது வளையம். சிங்கப்பூரில் நாள்முள்ளை உள்ளூர் நேரத்திலேயே விட்டு, வளையத்தை வலஞ்சுழியாக இரண்டரை மணி திருப்பினால் அது சென்னை நேரம். இரவு 9:30-க்கு, திருப்பாத வளையத்தில் 21-க்கும் 22-க்கும் நடுவில் நிற்கும் நாள்முள் இப்போது 19-ஐத் தொடும். மேலே சொன்ன துபாய்க் கணக்கில் இடஞ்சுழியாக அரை மணி.

ஆகவே வாங்கும்போது வளையத்தின் சொடுக்குகளை, அதாவது ஒரு முழுச் சுற்றில் அது 'டிக்' என்று நிற்கும் இடங்களை, எண்ணுங்கள். ஒரு மணி 15 பாகை, அரை மணி ஏழரை. 24 சொடுக்கு வளையம் அரை மணியில் நிற்காது. 48 சரியாக நிற்கும். 120 என்றால் மணிக்கு ஐந்து சொடுக்கு, அரை மணி இரண்டரையாவதில் விழும். பிழை ஒன்றரைப் பாகைதான், நிமிடமுள் உதவியோடு படித்துக்கொள்ளலாம். சீகோவின் அந்த 5 ஸ்போர்ட்ஸில் சொடுக்கே இல்லை, எங்கும் நிறுத்தலாம்.

மடல் 5

நல்ல திருத்தம், 'வலயம்' என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். வளையத்துக்குச் 'சுற்றுவளையம்' என்று பதிகிறேன். நாள்முள் பதிவின் கீழ் ஒரு சோதனையும் சேர்க்கிறேன்: கடையிலேயே முட்களை முன்னோக்கி மட்டும் நகர்த்தித் தேதி மாறும் நள்ளிரவு 12-க்குக் கொண்டு வருக, நாள்முள் 24-இன் மேல் நிற்க வேண்டும். பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால் பற்சக்கரங்களின் தளர்ச்சியும் கணக்கில் சேர்ந்து தவறாகக் காட்டும். இரண்டு பாகை விலகினாலே எட்டு நிமிட வேறுபாடு. முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்தினால்தான் தீரும்.

'தன்சாவி'க்கு இன்னும் இரண்டு பேராவது கருத்துச் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.