ரேம் கூட்டிய பிறகும் லேப்டாப் ஊர்கிறது, புதிதுதான் வாங்க வேண்டுமா?

நத்தை:
ஏழு வருடப் பழைய லேப்டாப், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் பிரவுசர் திறக்கும், அந்த நிலைமை. ரேம் போதாது என்றார்கள், 4 ஜிபியை 8 ஆக்கினேன், பெரிய மாற்றம் இல்லை. கணினியைச் சுத்தம் செய்யும் ஒரு கிளீனர் மென்பொருளும் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். தினமும் ஷட் டவுன் செய்கிறேன், ஆனால் டாஸ்க் மேனேஜரில் அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) 23 நாள் என்கிறது. அது வேறு குழப்பம்.

திருப்புளி:
முதலில் அந்த கிளீனரைத் தூக்குங்கள், ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) துடைத்து வேகம் கூடியதை நான் பார்த்ததே இல்லை. அப்டைம் கதை ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் வருவது: ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் கெர்னலை (அதன் மையப் பகுதி) டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கணினி திணறும்போது சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100% காட்டுகிறது?

நத்தை:
டிஸ்க். மெமரி 55% தாண்டவில்லை. எச்டிடி என்று போட்டிருக்கிறது.

திருப்புளி:
அப்படியானால் ரேமுக்குக் கொடுத்த காசு கொஞ்சம் அவசரம்தான், பரவாயில்லை, வீணாகாது. எச்டிடி என்றால் ஹார்ட் டிஸ்க், அதில் சுழலும் தட்டின் மேல் ஹெட் நகர்ந்து போய்த்தான் ஒவ்வொரு ஃபைலையும் எடுக்க வேண்டும், ஒரு தேடலுக்கே 10 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும், விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. 2.5 இன்ச் சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு வகை) எஸ்எஸ்டி வாங்கி, பழையதில் இருப்பதை அப்படியே குளோன் செய்து, அதாவது முழுதாக நகலெடுத்து, மாற்றுங்கள்.

பழைய கை:
குளோனுக்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள், சாகப்போகிற டிஸ்க்கும் இப்படித்தான் 100% காட்டும். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிராசஸர் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் புது எஸ்எஸ்டியில் நேராக விண்டோஸ் 11 போட்டுவிடலாம், குளோனே வேண்டாம்.

நத்தை:
பார்த்தேன். மஞ்சளில் 'எச்சரிக்கை' என்று வருகிறது, ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள்) வரிசையில். புகைப்படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கக் காலையில் ஆரம்பித்தேன், இன்னும் பாதிகூட போகவில்லை.

பழைய கை:
நடுவில் நிறுத்தாதீர்கள். அது முடிகிறவரை அந்த லேப்டாப்பில் வேறு எதையும் திறக்கவும் வேண்டாம்.